கம்பியும் காந்தமும்

மர்பி டவுனில் குடியிருக்கிறோம் என்று வெளியூர் உறவினரிடம் சொன்னால், "மர்பி ரேடியோ செய்த இடமா?" என்று வினவுவோர் இன்றும் உளர். உதட்டில் விரல் வைத்த குழந்தையின் படத்தோடு வீடுதோறும் புகுந்த அந்த வானொலிக்கும் நமது பேட்டைக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் பெங்களூர்க் கண்டோன்மென்டில் பொறியாளராகப் பணிபுரிந்த மர்பி என்பவரின் பெயரே இப்பகுதிக்கு வழங்கலாயிற்று. ஆயினும், நம் வீட்டைப் பொறுத்தவரை அவ்வினா முற்றிலும் பொருந்தாததன்று. வானொலி வால்வுகளைக் கொண்டு கட்டிய ஓர் ஆம்ப்ளிஃபயரும், அதில் இணைத்து வாசிக்கும் பேஸ் கிடாரும் நம் தந்தையார் விட்டுச் சென்ற சொத்து. அவற்றைச் செப்பனிடப் புகுந்ததில்தான் கிடார்களைப் பழுது பார்ப்பதும் புதிதாய்ச் செய்வதும் நமக்கு ஓய்வுநேரப் பழக்கமாயின. அப்பழக்கத்தின் தொடக்கத்தில் நாம் செய்த பிழை ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

பகலெல்லாம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு இருப்பவருக்கு மாலையில் மின்கிடார் எதற்கு என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் மறுமொழி லியோ ஃபெண்டரின் வரலாறு. கலிபோர்னியாவைச் சேர்ந்த அவர் தொடக்கத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவர். 1938இல் ஃபுல்லர்டன் என்னும் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தார். 1951இல் அவர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' இசையுலகையே மாற்றியது. அதுவரை தாழ்ந்த சுரங்களை வாசிக்க ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. அவரோ தோளில் மாட்டிக்கொள்ளும் கருவியாக அதைச் சுருக்கி, கழுத்தில் ஃபிரெட்டுகளையும் பதித்தார். விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாது நின்றது. துல்லியம் என்பதே அப்பெயரின் பொருள். இத்தனையும் செய்த மனிதருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! கணக்கர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறுண்டோ?

நம் தந்தையாருக்கு வாசிக்கவும் தெரியும். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பகல்வேலை. மாலையில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின், இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் வெறும் சுருதியாக நில்லாமல் தனக்கென ஒரு வழியில் நடக்கலாயிற்று. அந்த நடையைக் காதால் கேட்டுக் கேட்டே கற்றவர் அவர். அல்சூரின் சித்திரைப் பூப்பல்லக்கு, சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தின் செப்டம்பர்த் திருவிழா, திருமண வரவேற்பு என்று எங்கு அழைத்தாலும் அக்குழு செல்லும். சமயம் பார்த்ததில்லை, கூலியும் பெரிதாகப் பார்த்ததில்லை.

அவருடைய ஆம்ப்ளிஃபயரை அவரே கட்டினார். வால்வுகளுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1954இல் நம் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலி வால்வுகளையும் பின்னர் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்தது. அவை எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைத்தன. 1962இல் இலண்டனில் டிரம் விற்கும் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் இவ்வாறே செய்தார். ஃபெண்டரின் 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரை மாதிரியாக வைத்து, பிரிட்டனில் கிடைத்த பாகங்களைக் கொண்டு அவரும் அவர் தோழரும் கட்டியதே பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. இருக்கும் பொருளைக் கொண்டு வேண்டும் ஒலியை எழுப்புவதே இக்கலையின் முதற்பாடம். தந்தையார் அதனை ஒருவரிடமும் கேட்டுக் கற்றவரல்லர்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டது. நமக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. விளக்கணைத்து அமர்ந்திருந்த அந்த இரவுகள் மட்டும் நினைவில் உள்ளன. தமிழ்ப் பாடல்களை மேடையேற்ற நெடுநாள் எவரும் அழைக்கவில்லை. குழுவினர் ஒவ்வொருவராய் வேறு வேலை தேடிச் சென்றனர். தந்தையார் கிடாரைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தார். ஆம்ப்ளிஃபயர் கட்டிலின்கீழ்ப் போயிற்று. நம் தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஏரிக்கரையருகே அதே ஆண்டில் நிறுவிய திருவள்ளுவர் சிலையும் திறப்பு விழா இன்றி மூடியே நின்றது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. விழாவிலிருந்து வீடு திரும்பிய தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்து, "பரண்ல ஏறி அந்த கிடாரை எறக்குடா" என்றார்.

இறக்கினோம். கம்பிகள் துருவேறிக் கிடந்தன. அவற்றைத் தளர்த்தாமலே கட்டி வைத்தது பெருந்தவறு. பேஸ் கிடாரின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடையளவு விசையோடு கழுத்தை இழுக்கின்றன. பதினெட்டு ஆண்டு இழுவையில் கழுத்து வில்லாய் வளைந்திருந்தது. கழுத்தினுள் ஓடும் எஃகுத் தண்டை நாளொன்றுக்குக் கால் சுற்று வீதம் முறுக்கி ஒருவாறு நிமிர்த்தினோம். ஒலியளவுக் குமிழைத் திருப்பினால் 'கரகர'வென்றது. தூசு நீக்கும் திரவம் தெளித்ததும் சரியாயிற்று. ஆனால், பிக்கப் மட்டும் ஊமையாகவே இருந்தது.

பிக்கப் என்பதே மின்கிடாரின் காது. காந்தத்தைச் சுற்றிச் செப்புக்கம்பிச் சுருள். அதற்குமேல் எஃகுக் கம்பி அதிர்கிறது. அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அசைவு சுருளில் மின்னழுத்தமாகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மைதான் இது. சுருளின் கம்பி தலைமயிர் அளவே பருமனுடையது. அதனை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். நீட்டிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் வரும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். முள் அசையவே இல்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்பது தெளிவு.

'எங்கே' என்று தேடியிருக்க வேண்டும். இருபத்தாறு வயதின் அவசரத்தில் நாம் தேடவில்லை. பழைய சுருளைப் பிளேடால் கீறி எடுத்தெறிந்துவிட்டு, அன்னையாரின் தையல் இயந்திரச் சக்கரத்தில் பிக்கப்பைப் பொருத்திப் புதுக்கம்பி சுற்றினோம். மும்முறை அறுந்தது. நான்காம் முறை வெற்றி கண்ட மகிழ்ச்சியில், கணக்கு வைக்காமல் இடம் கொண்டமட்டும் சுற்றினோம். சுற்று மிகுந்தால் ஒலி ஓங்கும். ஆனால் அதன் தெளிவு மங்கும் என்பதை அப்போது அறியோம்.

தந்தையார் வாசித்தார். அன்று மாலை தெருவே வாயிலில் நின்றது. பாடல் முடிந்ததும் நம்மைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது. ஆனா வேற ஆள் பேசற மாதிரி இருக்குதுடா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அடுத்த பாடலை வாசிக்கத் தொடங்கினார். 2012இல் மறையும் வரை அந்த வேறு குரலோடுதான் அவர் வாசித்தார்.

ஆம்ப்ளிஃபயரைத் திறந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே 300, 400 வோல்ட்டு வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அதனைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். இதனை நாம் அறிந்தது நூலிலிருந்தன்று. கட்டிலிலிருந்து சுவர் வரை தூக்கியெறியப்பட்டே அறிந்தோம். அன்று முதல், உரிய ரெசிஸ்டர் வழியாக மின்தேக்கிகளை வெறுமையாக்கி, மீட்டரால் சோதித்த பின்னரே உள்ளே கை வைப்பது வழக்கம். தந்தையார் போட்டிருந்த இருமுனைப் பிளக்கையும் நீக்கி, எர்த் இணைப்புள்ள மும்முனைப் பிளக்கைப் பொருத்தினோம். வாசிப்பவரின் கை கிடார்க் கம்பியிலும் உதடு மைக்கிலும் ஒருங்கே படுகின்றன. எர்த் கோளாறு இருந்தால் அவர் உடலே மின்வழியாகிவிடும். 1972இல் லெஸ் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துக் கிடார்க் கலைஞர் எர்த் கோளாறுடைய மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் நீத்தார். நம் திருவிழாப் பந்தல்களில் குழந்தைகளும் மைக்கைப் பிடிக்கிறார்கள். ஆகவே எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரை எவர் கொணர்ந்தாலும், கேட்ட பழுதைப் பார்க்குமுன் அதைத்தான் நாம் முதலில் சரிசெய்கிறோம்.

தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் தம் பேஸ் கிடாரைக் கொண்டு வந்தார். அதே நோய், பிக்கப் ஊமை. இம்முறை பூதக்கண்ணாடி கொண்டு பொறுமையாய்த் தேடினோம். சுருளுக்கு ஒரு தீங்குமில்லை. அதன் வெளிநுனி, ஈயம் வைத்த இடத்தில் துருப்பிடித்து அற்றிருந்தது, அவ்வளவே. நுனியைச் சுரண்டி ஒரு துளி ஈயம் வைத்ததும் கருவி பேசிற்று. இளைஞர் நன்றி கூறிச் சென்றார். நமக்கோ அன்றிரவு உறக்கமில்லை.

தந்தையாரின் பிக்கப்பிலும் இதுவேதான் பழுதோ? ஒரு துளி ஈயத்தால் மீண்டிருக்கக்கூடிய குரலையா பிளேடால் கீறி எறிந்தோம்? பழைய கம்பியில் கொஞ்சம் பிஸ்கட் டின் ஒன்றில் இன்றும் கிடக்கிறது. அந்தத் துணுக்குகள் விடை சொல்லமாட்டா. இவ்வையம் இனித் தீராது.

அதன்பின் நமக்கென ஒரு முறை வகுத்துக்கொண்டோம். அலுவலகத்தில் முந்தைய குறிப்புகளைப் படியாமல் ஒரு கோப்பில் கையொப்பமிடுவதில்லை. அவ்வொழுங்கை ஏன் வீட்டு மேசைக்குக் கொணரவில்லை என்று நம்மையே நொந்துகொண்டோம். இப்போது ஒரு கருவி வந்தால், முதலில் குறிப்பேட்டில் அதன் நிலையை எழுதுகிறோம். எந்த நிறக் கம்பி எங்கே இணைகிறது என்று படம் வரைகிறோம். மிகச் சிறிய காரணத்தை முதலில் சோதிக்கிறோம். மாற்றியே தீரவேண்டிய பாகத்தை மாற்றினால், பழையதை உறையிலிட்டு உரியவரிடம் கொடுத்துவிடுகிறோம். அது அவர்களுடைய பொருள். எறிவதற்கு நாம் யார்?

இதற்கிடையே கருவி செய்யவும் துணிந்தோம். நம் பேட்டையில் இடித்த பழைய வீடொன்றின் பலாக் கதவுப் பலகையே உடலாயிற்று. வீணைக்கு உகந்த மரம் பேஸ் கிடாருக்கு ஆகாதா என்ன? விரற்பலகைக்கு ஈட்டி மரம். பிரேசில் நாட்டு ஈட்டியின் வணிகம் 1992இல் தடைப்பட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியோ உலகெங்கும் கிடார் செய்வோர் பெரிதும் நாடும் மரம். வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளையும் மெழுகில் ஊன்றி, செவியால் கேட்டு நகர்த்தி அமைப்பர். கிடாரிலோ கணக்கே செவி. நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் இடம். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்தது. 864 மில்லிமீட்டர் நீளமுள்ள பேஸ் கிடாரில் முதல் ஃபிரெட் 48.5 மில்லிமீட்டரில் விழும். பன்னிரண்டாவது சரியாக நடுவில், 432இல் விழ வேண்டும். நாம் முதலில் அறுத்த கழுத்தில் அது 434இல் விழுந்தது. அக்கழுத்து இப்போது துணி உலர்த்தும் கோலாகப் பயன்படுகிறது.

மின்கிடார் நம் மரபுக்கு அந்நியம் என்பாரும் உளர். மாண்டலினுக்கு மின்னிணைப்புத் தந்து, இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பிகளில் கருநாடக இசையின் கமகங்களை எழுப்பிய உ. ஸ்ரீநிவாஸை (1969–2014) அவர்கள் கேட்டிருப்பார்கள். கருவியில் மின்சாரம் ஓடுவதால் இசை அயலாகிவிடுவதில்லை.

அண்மையில் தந்தையார் குழுவின் பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தது. அதிலுள்ள குரலைப் பலமுறை கேட்டோம். பின்னர் அவருடைய பிக்கப்பை மீண்டும் பிரித்து, இம்முறை ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக் குறைவாகச் சுற்றினோம். ஒலி தெளிந்தது, பழைய குரலுக்கு அருகில் வந்தது. ஆயினும் அதுவாகவில்லை. இப்போது அதனை வாசிப்பவள் நம் மகள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, ஞாயிறுதோறும் தமிழ் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கக் கற்பவள். தாத்தா பேசிய தமிழுக்கும் அவள் பேசும் தமிழுக்கும் உள்ள தொலைவு நமக்குத் தெரியும். முன்பெல்லாம் அதற்காக அவளைக் கடிந்துகொள்வோம். இப்போது கடிவதில்லை. அவள் ஒரு சொல்லில் இடறும்போது, பழுது எங்கே என்று தேடி, ஒரு துளி ஈயம் வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் ஆர்மோனியமோ, கிடாரோ, வால்வு ரேடியோவோ உறங்கக்கூடும். வயதில் மூத்தவர் அருகிருக்கும்போதே அதனைக் கீழிறக்குங்கள். உடனே மின்சாரத்தில் இணைத்துவிடாதீர்கள். எதனையும் பிய்த்தெறியவும் வேண்டா. அது முன்பு எப்படி ஒலித்தது என்று முதலில் அவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் அதைத்தான் கேட்காமல் விட்டோம்.