மறிக்கு ஓர் இடம்

ஆட்டின் குட்டியையும் மானின் குட்டியையும் போலவே குதிரையின் குட்டியையும் 'மறி' என்று வழங்குவது தமிழ் மரபு. தொல்காப்பியத்தின் மரபியல் இதனைக் கூறுகிறது. பெண் குதிரைக்குப் 'பெட்டை' என்னும் பெயர் உரியது என்பதும் அந்நூல் தரும் செய்தியே. ஓர் உயிரின் இளமைக்கும் பெண்மைக்கும் தனித்தனிப் பெயரிட்ட மக்கள், அவ்வுயிரை அருகிருந்து கவனித்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். இன்று பேச்சு வழக்கில் மறி என்னும் சொல் குதிரையை விட்டு விலகிவிட்டது. குதிரைக்குட்டி என்பதே பலருக்கும் தெரிந்த பெயர். பெயர் எதுவாயினும், பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் நடுங்கும் கால்களை ஊன்றி எழுந்து, தாயின் மடியைத் தேடும் அக்குட்டியைக் கண்டு இளகாத மனம் அரிது.

அவ்வாறு இளகிய மனங்களுள் ஒன்று விக்ரோலியில் இருந்தது. பார்க்சைட் மேட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் மாதேரானுக்குச் சென்றது. விக்ரோலியில் மின்தொடர் வண்டி ஏறி, தாணேயில் கர்ஜத் வண்டிக்கு மாறி, நேரலில் இறங்கி மலையேறினால் மாதேரான். 1907 முதல் அங்கே ஒரு சிறு மலைவண்டியும் ஓடுகிறது. மோட்டார் வண்டிகளுக்குத் தடையுள்ள ஊராதலால், சுற்றுலாப் பயணிகளைக் குதிரைகளும் சுமக்கின்றன. அத்தகைய குதிரை ஒன்றின் பின்னால் செந்நிற ஆண் குட்டி ஒன்று ஓடி வந்தது. அதனை வளர்க்கத் தம்மால் இயலாது என்றும், எவரேனும் கொண்டுபோனால் நல்லது என்றும் குதிரைக்காரர் சொன்னார். அக்குடும்பத்தின் பத்து வயதுச் சிறுமி குட்டியின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"தாத்தா, இதை நாமே கொண்டுபோய் வளர்க்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

தாத்தா இளமையில் திருநெல்வேலிச் சீமையில் மாட்டு வண்டி ஓட்டியவர். அவர் உடனே மறுக்கவில்லை. "வளர்க்கலாம், தாயி. அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றார். திரும்பும் வழியில், வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்து, ஒரு குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் கணக்கிட்டனர்.

முழு வளர்ச்சி அடைந்து 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 2,900 கிலோவுக்கு மேல் ஆகும். நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். 25 ஆண்டுகள் என்று கொண்டாலும் தீவனம் மட்டுமே 70 டன்னைத் தாண்டுகிறது. நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். டெட்டனஸ் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் இல்லை என்பதை இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் விலங்காதலால், தனித்து வளரும் குட்டி மனம் நலிந்துபோகும். எனவே, துணைக்கு இன்னொரு குதிரையும் வேண்டும்.

விக்ரோலியில் இதற்கெல்லாம் இடம் எங்கே? மேற்கே குன்றின் சரிவில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. கிழக்கே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் கடந்தால், தாணே கழிமுகத்தை ஒட்டிய அலையாத்திக் காடு. குதிரை ஓடுவதற்குரிய புல்வெளி இரண்டு பக்கமும் இல்லை.

"இன்னொரு கணக்கும் உண்டு, தாயி. இப்போது உனக்குப் பத்து வயது. இந்தக் குட்டி கிழடாகும்போது உனக்கு முப்பத்தைந்து ஆகியிருக்கும். பிழைப்பைத் தேடி நான் இந்த ஊருக்கு வந்தேன். நீ எந்த ஊருக்குப் போவாயோ, யார் கண்டார்? அன்றைக்கு இதனையும் உடன் அழைத்துப் போக முடியுமா?"

"அப்படியானால் இதை யார்தான் பார்த்துக்கொள்வார்கள், தாத்தா?"

"இந்தக் கேள்வியை, இது பிறப்பதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும்" என்றார் தாத்தா.

அன்று அச்சிறுமி அழுதாள். எனினும், அந்தக் கணக்கு அவளுடைய கேள்வியை மாற்றிவிட்டது. 'இந்தக் குட்டியை யார் வளர்ப்பார்?' என்று தொடங்கிய கேள்வி, 'வளர்க்க ஆளில்லாத குட்டிகள் ஏன் பிறக்கின்றன?' என்று வளர்ந்தது. இந்த இரண்டாம் கேள்வியே பெரியது.

பெட்டைக் குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி ஆண், பாதி பெண். ஆனால், மனிதரின் தேவை அவ்வாறு பிரிந்திருப்பதில்லை. வட இந்தியத் திருமண ஊர்வலத்தில் மணமகன் ஏறிவர வெண்ணிறப் பெட்டையையே விரும்புகின்றனர். அதற்காக இனப்பெருக்கம் செய்யும்போது செந்நிறக் குட்டிகளும் ஆண் குட்டிகளும் பிறக்கத்தான் செய்யும். பந்தயக் குதிரைகளின் நிலையும் வேறன்று. மும்பையின் மகாலட்சுமி பந்தயத் திடல் 1883 முதல் இருந்து வருகிறது. பந்தயக் குதிரைகள் பொதுவாக இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகின்றன. சில ஆண்டுகளில் அவற்றின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. எஞ்சிய வாழ்நாளோ இருபது ஆண்டுகளுக்குக் குறையாது. வேகமாக ஓடும் ஒரு குதிரையைப் பெறுவதற்காகப் பல குட்டிகளைப் பிறக்கச் செய்யும்போது, வேகம் குறைந்த குட்டிகளின் எதிர்காலத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே.

தேவை ஒரே நாளில் மறைந்துபோவதும் உண்டு. தென் மும்பையின் கடற்கரைச் சாலையில் வெள்ளித் தகடு பதித்த விக்டோரியா வண்டிகள் நெடுங்காலம் ஓடின. 2015 ஜூன் 8 அன்று மும்பை உயர் நீதிமன்றம், உல்லாசச் சவாரிக்காக மட்டும் குதிரை வண்டிகளைப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் அவற்றை நிறுத்துமாறு ஆணையிட்டது. வண்டியை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் மறுவாழ்வுக்குத் திட்டம் வகுக்குமாறு அரசையும் பணித்தது. 2021-இல் மின்கலத்தால் இயங்கும் விக்டோரியா வண்டிகள் அறிமுகமாயின. வண்டியின் வடிவத்தைக் காப்பது எளிதாயிற்று. ஆனால், வேலை இழந்த குதிரையைக் காப்பது எளிதன்று. மறுநாள் காலையிலும் அதற்குப் பசிக்கும்.

அதே தென் மும்பையில் 'காலா கோடா', அதாவது கறுப்புக் குதிரை, என்றொரு பகுதி உள்ளது. குதிரைமேல் அமர்ந்த ஏழாம் எட்வர்ட் மன்னரின் சிலையால் அமைந்த பெயர் அது. 1965-இல் அச்சிலை அகற்றப்பட்டது. 2017-இல் அங்கே புதிய குதிரைச் சிலை வைக்கப்பட்டது. அதன்மேல் எவரும் இல்லை. சிலைக் குதிரை, சுமக்க எவரும் இல்லாவிட்டாலும் நிற்கும். உயிருள்ள குதிரையின் முதுகு வெறுமையானால், பல வேளைகளில் அதன் தீவனத் தொட்டியும் வெறுமையாகிவிடுகிறது.

நீலகிரியில் இதனைக் கண்ணாரக் காணலாம். உதகமண்டலத்தில் சவாரிக் குதிரைகள் சில, உரிமையாளரால் கட்டப்படாமல், சாலைகளில் திரிந்து குப்பையில் இரை தேடுகின்றன. பட்டினியும் தாகமும் நேரும் வகையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆனால், முதன்முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த தண்டத்தொகை 50 ரூபாய்க்கு மேற்படவில்லை. ஒரு குதிரையின் ஒரு நாள் தீவனத்திற்கும் அத்தொகை போதாது! மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் இயங்கும் புகலிடம் ஒன்று, கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் ஏற்றுப் பேணி வருகிறது. இத்தகைய புகலிடங்களின் தொண்டு அளவிடற்கரியது. எனினும், இருபது ஆண்டுகள் வாழும் உயிர் ஒன்றை ஏற்றுக்கொண்டால், அந்த இடம் இருபது ஆண்டுகளுக்கு நிரம்பிவிடுகிறது. அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிக்கு வேறு இடம் தேட வேண்டும்.

பேணும் வழி அறியாமல் குதிரைகளைப் பெருக்குவது புதிய பிழையன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் கடல் வழியே ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கியதையும், முறையான பராமரிப்பு இல்லாமல் அவற்றுள் மிகப்பல மடிந்ததையும் எழுதியுள்ளார். வாங்குவதற்குப் பொன் இருந்தது. வளர்ப்பதற்கு அறிவு போதவில்லை. அன்று கப்பலில் வந்தவை மடிந்தன. இன்று கொட்டிலில் பிறப்பவை தெருவில் நிற்கின்றன.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. விக்ரோலித் தெருக்களில் காதின் ஓரம் சிறிது வெட்டப்பட்ட நாய்களைக் காணலாம். கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டவை என்பதற்கான அடையாளம் அது. தெருநாய்களைக் கொல்லாமல், அவை பெருகுவதைத் தடுக்கும் இம்முறைக்கு 2001-இல் மைய அரசு விதிகளை வகுத்தது. குதிரைகளுக்கும் இத்தகைய வழி உண்டு. ஆண் குட்டிக்கு உரிய பருவத்தில் கால்நடை மருத்துவர் விதை நீக்கும் சிகிச்சை செய்தால், அது சாந்தமாகவும் வளரும். வேண்டாத குட்டிகளும் பிறவா. வேண்டாத குட்டியை ஏற்பவர், நிலமும் துணைக் குதிரையும் பொருள் வசதியும் உடையவராக இருப்பதோடு, அதனைக் கொண்டு மேலும் குட்டிகளைப் பெருக்காதவராகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல், ஒரு குட்டியைக் காத்த கை, பத்துக் குட்டிகளைத் தெருவில் விட்டதாகிவிடும்.

விடியற்காலையில் வரும் தண்ணீரைக் குடத்திலும் வாளியிலும் பிடித்துப் பழகிய விக்ரோலிக் குடும்பங்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். தொட்டி நிரம்பி வழியும்போது தரையைத் துடைப்பது மட்டும் போதாது. குழாயையும் மூட வேண்டும். கைவிடப்பட்ட குட்டியை ஏற்பது தரையைத் துடைக்கும் பணி. அது இரக்கம் உடையோர் செய்ய வேண்டிய பணியே. கணக்கின்றிப் பெருக்குவதை நிறுத்துவதோ குழாயை மூடும் பணி. அதனைச் செய்ய இரக்கத்தோடு முன்யோசனையும் வேண்டும். ஒரு மறி பிறக்கும் முன்பே, அதன் இருபதாவது வயதில் அதற்குப் புல்லிடப்போகும் கை யாருடையது என்று கேட்பவரே குதிரையை உண்மையாக நேசிப்பவர் ஆவார்.