இழுக்கும், நிற்குமா?

பழைய பிக்-அப் வைத்திருப்பவரிடம் எல்லாரும் கேட்பது, "இவ்வளவு பாரத்தை இழுக்குமா?" என்றுதான். என் ஹைலக்ஸ் 1990களில் வந்தது. டர்போ இல்லாத 2.4 லிட்டர் டீசல் இன்ஜின், 80 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். இழுக்கும். முதல் கியரில் முனகிக்கொண்டாவது ஏற்றத்தை ஏறிவிடும். பின்னால் அரை டன் தள்ளிக்கொண்டு வரும்போது இறக்கத்தில் நிற்குமா என்பதைத்தான் கேட்க வேண்டும். எனக்கு இதைப் புரியவைத்தவர் பகாவ் பக்கம் ஜெராம் பாடாங் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய பெரியவர். செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரை மழையில் ஊறிய செம்மண் சரிவுகளில் காலமெல்லாம் இறக்கியவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம்.

அத்தை லயத்து வீட்டைக் காலி செய்து, சிரம்பானில் மகன் வாங்கிய தாமான் வீட்டுக்குப் போகிற நாள். நம் ஊரில் இதற்கு லோரி பிடிப்பதுதான் வழக்கம். அன்று லோரி கிடைக்கவில்லை, வாடகைக்கு ஒரு டிரெய்லர் எடுத்தோம். பையன்கள் இரும்பு அலமாரியையும் ஐஸ் பெட்டியையும் கதவோரமாக, கடைசியில் ஏற்றியிருந்தார்கள். மாமா வந்து பார்த்தார்.

"யாருடா ஏத்துனது? எல்லாத்தையும் எறக்குங்க. வால்ல பாரம் இருந்தா வண்டி ஆடும் தம்பி. மூக்குப் பக்கம் கொஞ்சம் கூட இருக்கணும், ரொம்பவும் இருக்கக் கூடாது."

ஆட்டுக்கல்லும் அலமாரியும் சக்கர அச்சுக்குச் சற்று முன்னே போயின. மெத்தையும் துணி மூட்டைகளும் பின்னே போயின. அவர் கைக்கணக்காகச் சொன்னதற்கு எண் கணக்கும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, பிக்-அப்புடன் சேரும் முனையில் இறங்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 முதல் 90 கிலோ. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, மூக்குக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை வைத்தாலே தெரிந்துவிடும். பாரம் பின்னால் இருந்தால் அது பிக்-அப்பின் பின்பக்கத்தைத் தூக்கும். பின் டயரின் பிடி குறையும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால் இன்னும் மோசம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

மாமா அடுத்துப் பார்த்தது இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்பு உருண்டையை. அதன் தலையிலேயே அளவு பொறித்திருக்கும். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் மாட்டியது 1⅞ அங்குலம், அதாவது 47.6 மில்லிமீட்டர். டிரெய்லரின் பூட்டு 50 மில்லிமீட்டர் உருண்டைக்கானது. பூட்டு விழுந்தது, கையால் ஆட்டிப் பார்த்தாலும் நிற்பது போலத்தான் இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர், "எல்லாம் ஒண்ணுதான், போகும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்றல்ல. ஒரு பள்ளத்தில் துள்ளினால் கழன்றுவிடும். உருண்டையை மாற்றும்வரை மாமா எங்களைக் கிளம்ப விடவில்லை. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடச் சொன்னார். பூட்டு கழன்றாலும் மூக்கு தார்ச் சாலையில் குத்தாமல் சங்கிலி தொட்டில் போல ஏந்திக்கொள்ளும்.

கோலா பிலா தாண்டி, உலு பெண்டுல் வழியாக ஏறினால் புக்கிட் புத்துஸ். பழைய சாலையின் வளைவுகள் சிரம்பான்காரர்களுக்குத் தெரியும். புதிய சாலை அகலமானது, ஆனால் பாரோய் பக்கம் இறங்கும் சரிவு நீளம். உச்சியிலேயே மாமா சொன்னார்: "கியரை இப்பவே எறக்கிடு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகாத. மிதி, விடு, மிதி, விடு."

எனக்கு அன்று பயம். பிரேக்கிலிருந்து காலை எடுக்க மனம் வரவில்லை. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. அந்தப் பயம் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். இந்த வயது பிக்-அப்பில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும்: புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடும். கொதித்தால் மிதி பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. நம் ஊர் ஈரக்காற்றில், எப்போது மாற்றினோம் என்றே தெரியாத ஆயிலோடு சுமை இழுக்கக் கூடாது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கே தனி பிரேக் வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இதனால்தான். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மெதுவாக இறங்கினோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும்.

மாமாவின் கையில் இதற்கெல்லாம் சான்றிதழ் இல்லை. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாகும்போது இப்படிப்பட்டவர்களின் கைப்பழக்கமும் கேட்பாரற்றுப் போகிறது. எனக்கு அது பெரிய வருத்தம். உங்கள் குடும்பத்தில் பழைய டிராக்டர் ஓட்டுநர் யாராவது இருந்தால், பாரம் ஏற்றும் நாளில் அவரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுச் சாலையில் ஓடும் டிரெய்லருக்கு ‘டி’ என்று தொடங்கும் தனிப் பதிவு எண் உண்டு. தோட்டத்துப் பாதைக்காகப் பட்டறையில் ஒட்டியதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவராதீர்கள். உங்கள் காப்புறுதி டிரெய்லரையும் ஏற்கிறதா என்று முன்பே கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். விளக்குகளை எரியவிட்டு, பின்னால் ஓர் ஆளை நிற்கவைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். இதையெல்லாம் பார்க்க விடாமல் அவசரப்படுத்தும் கடையில் டிரெய்லர் எடுக்காதீர்கள். கூடக் கொஞ்சம் வெள்ளி போனாலும், ஒரு நாள் தள்ளிப்போனாலும், லோரியே பிடியுங்கள்.