தடையின் சூடு

வன்னியிலே வானொலித் திருத்தம் பயின்றோர்க்குப் பாடநூலைவிடப் பற்றாக்குறையே ஆசானாக அமைந்தது. 1990 இல் மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னிலே வீட்டார் செய்தி கேட்டனர். மோட்டார் வண்டி மண்ணெண்ணெயில் ஓடிற்று. எதற்கும் ஒரு மாற்றுப்பொருள் உண்டு என்பதே அக்காலத்து நம்பிக்கை. அந்நம்பிக்கை பலரை வாழவும் வைத்தது.

கிளிநொச்சியில் அந்நாட்களில் வானொலி திருத்திய ஒருவர், போர் 2009 இல் முடிந்து மின்சாரம் மீண்டபின், அனுமதி பெற்ற வானொலி ஆர்வலரானார். கைமாறி வந்த பழைய விரியலாக்கி ஒன்று அவருடைய செல்வம்; 811ஏ வால்வுகள் இரண்டு, அனோட்டில் ஏறத்தாழ 1500 உவோல்ற்று. 14 மெகாஹேட்சில் அது குறையின்றி உழைத்தது. 2024 இல் ஞாயிற்றுப் புள்ளிகள் பெருகி, 28 மெகாஹேட்சிலும் தொலைநாட்டுக் குரல்கள் தெளிவாக வரலாயின. அவர் அங்கே தாவினார். பத்து நிமிடத்தில் கருகல் நாற்றம் எழுந்தது.

கருகியது அனோட்டுக் கம்பியிலிருந்த சிறு தடை. வால்வினுள்ளே மின்வாய்களுக்கிடையிலான கொள்ளளவமும், வெளியே இணைப்புக் கம்பியின் நீளமும் சேர்ந்து, எவரும் அமைக்காத இன்னொரு சுற்றாகிவிடும். அது 100 மெகாஹேட்சுக்கும் மேலே தானாக அலையத் தலைப்படும். இந்த ஒட்டுண்ணியலைவை அடக்கவே ஒரு சிறு கம்பிச் சுருளும், அதற்குச் சமாந்தரமாக ஒரு தடையும் வைக்கப்படுகின்றன. தாழ்ந்த மீடிறன் சுருள் வழியே கடந்துவிடும். மிக உயர்ந்ததைச் சுருள் மறிக்கும். அது தடையினுட் புகுந்து வெப்பமாக அழியும்.

28 மெகாஹேட்சோ இரண்டுங்கெட்டான். சுருள் 0.1 மைக்குரோஹென்றி, தடை 50 ஓம், கம்பியில் ஓர் அம்பியர் எனக் கொண்டால், 14 இல் தடை ஏற்கும் வலு 1.5 உவாற்று, 28 இலோ 5.5 உவாற்று. இரண்டு உவாற்றுத் தடை கருகாமல் என்ன செய்யும்?

அவருடைய கை பழைய பழக்கத்திற் சென்றது. 50 ஓமில் பத்து உவாற்றுச் சீமெந்துத் தடையொன்றைப் பற்றவைத்தார். அது சூடாகவே இல்லை. ஆனால், பேசாதிருந்தபோதே கிரிட்டு மீற்றரின் முள் எகிறியது. கொள்ளளவியிற் பொறி பறந்தது. ஒரு வால்வு மாண்டது. அதற்கு இங்கே மாற்று ஏது?

அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் படிக்கும் மருமகன், அகற்றிய தடையைக் கையிலெடுத்துப் பார்த்தான்.

"மீற்றர் 50 ஓம் எண்டுதானே காட்டுது?" என்றார் அவர்.

"மாமா, மீற்றர் நேரோட்டத்திலதானே அளக்குது. உதுக்குள்ள இருக்கிறது கம்பிச் சுருள்."

பெறுமானம் ஒன்றே, பொருள் வேறு. 100 மெகாஹேட்சுக்கு மேலே அங்கு தடை இருக்கவில்லை, சுருளுக்குப் பக்கத்தில் இன்னொரு சுருளே இருந்தது. சூடேறாமையே நோயின் அறிகுறியாயிருந்ததை அவர் குணமென்று எண்ணிவிட்டார்.

வால்வு வந்து சேர மாதங்கள் சென்றன. இப்போது ஒவ்வொரு வால்வுக்கும் 100 ஓம் உலோகவொட்சைட்டுப் படலத் தடைகள் இரண்டு சமாந்தரமாக உள்ளன. சுருளிலே ஒரு சுற்றுக் குறைக்கப்பட்டது. அதனால் அடக்கும் ஆற்றலும் சிறிது குறையுமாதலால், அனோட்டுக் கம்பியும் குறுக்கப்பட்டது. 28 இல் நெடுநேரம் பேசியபின் அவர் செருகியைக் கழற்றி, உவோல்ற்றுமானி பூச்சியத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, புவியிணைத்த கோலால் அனோட்டைத் தொட்டுவிட்டே மூடியைத் திறக்கிறார். தடைகள் சுடுகின்றன. நிறம் மாறவில்லை.