நோட்டை மாத்திக்கோங்க

டிக்டேஷன் முடிந்ததும் ஆங்கில வாத்தியார் சொல்லுவார்: “நோட்டை மாத்திக்கோங்க.” ராசிபுரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. பக்கத்துப் பையனின் நோட்டு என் மடிக்கு வரும். பென்சிலால் டிக் போட்டு, அடியில் திருத்தியவர் பெயர் எழுத வேண்டும். அவன் ‘பியூட்டிஃபுல்’ என்ற சொல்லில் எந்த எழுத்தை விட்டான் என்று தேடிய அந்த நிமிடத்தில்தான் அந்த ஸ்பெல்லிங் எனக்குப் படிந்தது.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். சின்னப் பிள்ளைகளின் பாடத்தை அவன்தான் கேட்பான். 1789-இல் சென்னை ராணுவ அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர் என்ற முறையை அங்கே நடத்திப் பார்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதை ‘மெட்ராஸ் முறை’ என்றே அழைத்தார்கள். சட்டாம்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு: அதிகாரம் ஒருவன் கையிலேயே இருக்கும். நோட்டை மாற்றிக்கொண்டால் அது எல்லார் கைக்கும் வருகிறது.

ஆனால் நோட்டை மாற்றிக்கொண்ட எங்கள் ஆங்கில வகுப்பிலும் நாங்கள் வாய் திறந்து பேசவில்லை. எழுத்து வந்தது, பேச்சு வரவில்லை. காரணம் பயம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. மாநில ரேங்க் என்றால் இந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். 2017-இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. நல்ல காரியம். மதிப்பெண் பயம் மட்டும் போகவில்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம் அதைவிடப் பெரியது.

பின்னாளில் நானே ஆங்கிலம் எடுத்தபோது அந்தப் பழைய நோட்டு மாற்றம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்து, செயல்பாடுகளுக்கென்று மதிப்பெண் ஒதுக்கிய காலம். பேசுகிறவருக்கு வகுப்பே மார்க் போடட்டும் என்றேன். துண்டுச் சீட்டில் மூன்றே கேள்வி: கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா? ஒரு முழு வாக்கியமாவது வந்ததா? கேட்டதற்குப் பதில் சொன்னாரா? இலக்கணத்துக்கு மார்க் கிடையாது.

கூட்டாளிக்குக் கூட்டாளி முழு மார்க் போட்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஏன் இந்த மார்க் என்று எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்ல வேண்டும் என்றதும் அது அடங்கியது. அந்த ஒரு வரிதான் பலருக்கு முதல் ஆங்கிலப் பேச்சு. ஒரு நாள் பின்பெஞ்சுப் பெண்ணொருத்தி எழுந்து, “சார், அவ பேசுனது எனக்குக் கேக்கலீங்க. மார்க் போட முடியாதுங்க. இன்னொருக்கா பேசச் சொல்லுங்க” என்றாள். பேசியவளும் மறுபடி பேசினாள், சத்தமாக. நான் எத்தனை முறை சொல்லியும் அவள் குரலை உயர்த்தியதில்லை. ஆசிரியருக்குப் பேசுவது ஒப்பித்தல். கூட உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்கவேண்டும் என்று பேசுவதுதான் பேச்சு. மார்க் போடுகிறவளும் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்கிறாள்.

தமிழோ ஆங்கிலமோ எடுக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பீரியடையாவது பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அவர்கள் போடும் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் மட்டும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அந்தப் பழைய பயம் திரும்பிவிடும்.