தோள்பைக்குள் ஒரு வண்டு

1970களின் இறுதியில் நான் பத்திரிகைத் தொழிலில் கால்வைத்தபோது, எங்கள் அலுவலகத்தில் மூத்த படப்பிடிப்பாளர் ஒருவர் இருந்தார். அவருடைய காக்கித் துணிப்பை அலுவலகத்தில் பிரசித்தம். ஒரு நிக்கோன் கமரா, இரண்டு வில்லைகள், ஒரு பிளாஷ், நான்கு பிலிம் சுருள்கள், ஒரு பழைய கைக்குட்டை, மழை வந்தால் பையை மூடுவதற்கு ஒரு பொலித்தீன் உறை. அவ்வளவுதான். புதிதாக வந்த இளைஞர்கள் கனத்த பைகளைச் சுமந்து திரிவதைக் கண்டால் அவர் சிரிப்பார். "தம்பி, பைக்குள்ள இருக்கிறது தேவையோ ஆசையோ எண்டு ஒவ்வொரு நாளும் ஒருக்கால் கேட்டுப்பார்" என்பார். நான் எழுத்தாளனேயன்றிப் படப்பிடிப்பாளனல்லன். ஆதலால் அந்த உபதேசம் எனக்கு உரியதல்ல என்றே அன்று எண்ணியிருந்தேன்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அது எனக்குத் தேவைப்பட்டது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த எனக்கு, 2021ஆம் ஆண்டில் என் மகன் ஒரு சிறிய ட்ரோனைப் பரிசாகத் தந்தான். டி.ஜே.ஐ. மினி 2 என்னும் வகை. எடை 249 கிராம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று எண்ணித்தான் வாங்கி வைத்தேன். ஆனால் முதன்முறையாக அது மேலெழுந்து, நான் பிறந்து வளர்ந்த நிலத்தை ஒரு பறவையின் கண்கொண்டு காட்டியபோது, அந்த மோகம் என்னைப் பற்றிக்கொண்டது.

மோகம் வந்தால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். கொழும்பில் ஒரு கடைக்குச் சென்று, இதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். அந்த இளைஞர் மேசைமீது ஒரு சந்தையையே விரித்துவிட்டார். கடினப் பெட்டி, வில்லைக்கு முன்னால் பொருத்தும் கண்ணாடிகள் ஆறு, விசிறிக் காப்பு வளையங்கள், இறங்குதளம், வெயில் மறைப்பு, டப்லட் தாங்கி, கழுத்துப் பட்டி, காலை உயர்த்தும் கட்டைகள், ஒளிரும் விளக்குகள் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தால் இன்னுமொரு ட்ரோன் வாங்கிவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் காலஞ்சென்ற அந்த நண்பரின் குரல் காதில் ஒலித்தது. தேவையோ, ஆசையோ?

முதலில் பெட்டியைப் பார்த்தேன். நீர் புகாது, மேலே ஏறி நின்றாலும் நசுங்காது என்றார்கள். உண்மைதான். ஆனால் என்னுடைய ட்ரோன், கட்டுப்பாட்டுக் கருவி, மேலதிக பற்றரிகள் இரண்டு ஆகிய யாவற்றையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்குள் அடங்கும். அந்தப் பெட்டியோ, வெறுமையாக இருக்கும்போதே அதைவிடக் கனத்தது. பஸ்ஸிலும் ஓட்டோவிலும் பயணம் செய்கிற, எழுபதை நெருங்கும் ஒருவனுக்கு அது பாதுகாப்பன்று, பாரம். உள்ளே மெத்தைத் தடுப்புகள் கொண்ட ஒரு சாதாரண தோள்பையை வாங்கினேன். அடியில் மழை உறையும், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டும் இருக்கின்றன. மார்கழி மழையில் வன்னிக்குச் செல்பவர்களுக்கு இவை இரண்டும் ஆசையல்ல.

பைக்குள் ட்ரோனை வைக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மடித்த விசிறிகள் அசைந்து வளையாதபடி அவற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி. விசிறியின் விளிம்பில் சிறு வெடிப்பு இருந்தாலும் வானத்தில் அதிர்வு கூடிப் படம் கலங்கும். மற்றது, கமராவைத் தாங்கும் கிம்பலுக்கான மூடி. அந்த மூடியைக் கழற்றாமலே ட்ரோனை இயக்கி, அது திமிறிக் கத்தியதைக் கேட்டுப் பதறியவன் நான். மேலதிக விசிறிகளும் ஒரு சிறிய திருகாணிச் சாவியும் என் பையில் எப்போதும் உண்டு. இவ்வகை ட்ரோனில் விசிறிகள் திருகாணியால் பூட்டப்பட்டவை. ஒரு மோட்டாரிலுள்ள இரண்டு இதழ்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அடையாளமிட்ட விசிறியை அடையாளமிட்ட மோட்டாரிலேயே பூட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் அது எழும்பாது, தலைகீழாகக் கவிழும்.

கண்ணாடிகளின் விடயம் சற்று விளக்கப்பட வேண்டியது. இந்தக் கமராவின் துவாரம் மாற்ற முடியாதது. எப்போதும் எப். 2.8தான். நண்பகல் வெயிலில் சரியான ஒளியளவுக்குத் திரைவேகம் விநாடியின் 3200இல் ஒரு பங்கு வரை செல்லும். காணொளியில் அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமானால் அது 50இல் ஒரு பங்களவுக்கு இறங்க வேண்டும். அதற்கு ஒளியை 64இல் ஒன்றாகக் குறைக்கும் என்.டி. 64 கண்ணாடி வேண்டும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எடுப்பவை பெரும்பாலும் நிழற்படங்கள். அவற்றுக்கு இந்தக் கண்ணாடி தேவையில்லை. தவிரவும், வன்னியின் நண்பகல் வெயில் படத்துக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. காலையிலும் மாலையிலும் பறக்கவிடுவது என்று முடிவுசெய்தேன். ஆறு கண்ணாடிகளும் கடைக்கே திரும்பிப் போயின.

சேமிப்பு அட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. இந்தக் கமரா விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட் வரை எழுதும். 30 நிமிடம் ஓடினால் 22 கிகாபைட்டைத் தாண்டும். வி 30 என்று குறிக்கப்பட்ட அட்டை விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதக்கூடியது. அத்தகைய 64 கிகாபைட் அட்டைகள் இரண்டை வாங்கினேன். பெரிய அட்டை ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லவை. பிலிம் காலத்துப் பாடம் அது. ஒரு சுருள் பழுதானாலும் மற்றச் சுருளில் செய்தி தப்பும்.

இறங்குதளத்தை முதலில் ஆசை என்றே ஒதுக்கினேன். வட்டமாக விரியும் ஒரு துணி, அதற்கு ஒரு விலையா என்று நினைத்தேன். பின்னர் முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணலிலிருந்து எழுப்பிப் பார்த்ததும் புத்தி வந்தது. ட்ரோனின் மோட்டார்களுக்குள் வலிய காந்தங்கள் இருக்கின்றன. புல்மோட்டைப் பக்கத்து மணலில் இல்மனைட் கலந்திருப்பதை நாமறிவோம். அந்தக் கரிய துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் போகாது. மோட்டாரைக் கையால் சுற்றும்போது கரகரவென்று கேட்டது. ஒரு மாலை முழுவதும் தூரிகையால் துடைத்தேன். இன்று அந்தத் துணி என் பையின் பின்புறத்தில் எப்போதும் மடிந்து கிடக்கிறது.

பற்றரிகளைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. காற்றில்லாத வேளையில் ஒரு பற்றரி 31 நிமிடம் தாங்கும் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. 20 நிமிடம் என்பதே என்னுடைய கணக்கு. மூன்று பற்றரிகள் இருந்தால் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். பறந்து இறங்கியதும் சூட்டோடு மின்னேற்றக் கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுச்செல்லக் கூடாது. நெடுநாள் வைப்பதானால் பாதியளவு மின்னேற்றத்துடன் வைக்க வேண்டும். விமானப் பயணமென்றால் மேலதிக பற்றரிகள் கைப்பையில்தான் செல்ல வேண்டும், பெரிய பொதியில் போடக்கூடாது. ஒவ்வொன்றும் 17.32 வோட்-மணி. 100 வோட்-மணி என்ற பொதுவான எல்லைக்கு வெகுதூரம் கீழே இருப்பதால் தடையில்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறைகளில் இட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று பற்றரிகளுடன் வடக்கு நோக்கிப் பயணிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேறொரு காலம் நினைவுக்கு வரும். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபோது, தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. யாழ்ப்பாணத்தவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 2002இல் பாதை திறந்த பின்னரும் ஓமந்தையில் பையைக் கொட்டி, ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஆகவே என் பையின் முன்னறையில் ஒரு கோவை இருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்குரிய ஆவணங்கள், அனுமதிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி ஆகியன அதற்குள் உள்ளன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து நாடு முழுவதிலும் ட்ரோன்கள் பறப்பது இடைநிறுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 249 கிராம் என்பது பிறநாட்டுச் சட்டங்களின் 250 கிராம் எல்லையை எண்ணி வகுத்த அளவு. அதை நம்பி இங்கே பறக்கவிடுவது பேதைமை.

இத்தனையும் சரியாக இருந்த பையுடன்தான் 2023 ஆவணியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்புறத்தேயுள்ள ஒரு சிறு குளத்துக்குச் சென்றேன். என் தந்தையார் ஆசிரியராகப் பணியாற்றிய ஊர் அது. அனுமதி கையில் இருந்தது. இறங்குதளம் விரித்தாயிற்று. வெயில் மறைப்பை மாட்டி, அந்தக் கறுப்புக் கூட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ட்ரோனை எழுப்பினேன். வற்றிய குளமும் வளைந்த கட்டும் திரையில் தெரிந்தன. என்னை மறந்திருந்தேன்.

தலையை நிமிர்த்தியபோது, வேலிக்கு அப்பால் ஒரு முதிய பெண்மணி பேரனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவது தெரிந்தது. உடனே இறக்கினேன். சிறிது நேரத்தின் பின் அவர் படலையடிக்கு வந்தார். கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"ஐயா, உது ஆரைத் தேடுது?"

போரின் இறுதி ஆண்டுகளில் நாங்கள் கொழும்பிலிருந்து 'ஆளில்லா வேவு விமானம்' என்று எழுதினோம். வன்னியிலிருந்து தொலைபேசியில் பேசியவர்கள் எவரும் அப்படிச் சொன்னதில்லை. 'வண்டு' என்றே சொன்னார்கள். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும் என்பது அவர்கள் கற்ற பாடம். எத்தனையோ செய்திகளில் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, இலக்கணச் சுத்தமான சொல்லைப் போட்டவன் நான். அதே ஒலியை அதே மக்களின் தலைக்கு மேலே எழுப்பிவிட்டு, முகத்தையும் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதிகாரசபையிடம் கேட்டேன். பாதுகாப்புத் தரப்பிடம் கேட்டேன். அந்த வேலிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒருத்தரையும் தேடேல்லை அம்மா. குளத்தைத்தான் பார்க்குது" என்றேன். வெயில் மறைப்பைக் கழற்றிக் கைத்தொலைபேசித் திரையைக் காட்டினேன். பேரன் கண்டுகொண்டான். அவருக்கோ அந்தச் சிறிய திரையில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் சொன்னதை நம்பினாரோ இல்லையோ, தலையாட்டிவிட்டுப் போனார்.

கொழும்புக்குத் திரும்பியதும் அதே கடைக்குச் சென்று, ஆசை என்று நான் ஒதுக்கிய டப்லட் தாங்கியையும் கழுத்துப் பட்டியையும் வாங்கினேன். கட்டுப்பாட்டுக் கருவியின் பிடி தொலைபேசி அளவுக்கே விரியும். பெரிய திரை வேண்டுமென்றால் அந்தத் தாங்கி வேண்டும். வெயில் மறைப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

2024 தையில், மீண்டும் அனுமதி பெற்று அங்கே போனேன். இம்முறை பையைத் திறப்பதற்கு முன் குளத்தைச் சுற்றியிருந்த ஏழு வீடுகளுக்கும் சென்று, என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு நேரம் சத்தம் கேட்கும் என்று சொன்னேன். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பக்கம் பறக்கவிடவில்லை. மற்றவர்கள் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த அம்மையாரும் வந்தார். குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. பெரிய திரையில் துருசு எது, கட்டு உடைந்த இடம் எது என்று அவர் எனக்குக் காட்டத் தொடங்கினார். பிறகு பற்றைக்காட்டின் நடுவில் வட்டமான ஒரு கரும்புள்ளியில் அவருடைய விரல் நின்றது.

"இது எங்கட பழைய கிணறு" என்றார். "பாதை மூடிப்போச்சு. போய்ப் பார்க்கேலாது. கிடக்குது என்ன?"

"கிடக்குது அம்மா" என்றேன். ட்ரோனை அதற்கு மேலே சற்று நேரம் நிறுத்திவைத்தேன். 20 நிமிடக் கணக்கில் கடைசி ஐந்து நிமிடங்கள் அந்தக் கிணற்றுக்கே போயின.

ட்ரோன் வாங்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் பட்டியல் கேட்கிறார்கள். மேலே எழுதியிருக்கிறேன். மெத்தைத் தோள்பை, விசிறிப் பட்டி, திருகாணிச் சாவி, இறங்குதளம், இரண்டு அட்டைகள், மூன்று பற்றரிகள், ஆவணக் கோவை. அவரவர் ஊருக்கும் வேலைக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் டப்லட் தாங்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் மேலிருந்து பார்ப்பதைக் கீழே நிற்பவர்களும் பார்க்க வேண்டும்.