இரு அரங்கங்களுக்கிடையே

காவிரியாறு முதலில் சூழ்வது ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆதிரங்கனை. பின்னர்ச் சூழ்வது திருவரங்கத்துப் பெருமானை. பிழைப்பு நம்மை முதல் அரங்கத்தில் இருத்தியது. அன்னையாரோ திருவரங்கத்தில் தனித்து வாழ்கிறார். நாள்தோறும் அவர் நலமறிய, மைந்தன் துணையுடன் ஒரு சிறு கருவி செய்தோம்.

2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ பலகை, அதன்மேல் ஈதர்நெட் அட்டை, ஒரு பொத்தான். காலையில் விளக்கேற்றியதும் அன்னையார் அதை அழுத்துவார். கருவி நம் சர்வரை அழைத்து ஒரு வரி சொல்லும். பேச்சைத் தான் தொடங்குவதால் அதற்குக் கிளையன்ட் என்று பெயர்.

தபால் பிரிவில் எழுத்தராயிருக்கும் நமக்கு இதன் முகவரி முறையே வியப்பளித்தது. கருவிக்கு முகவரி இரண்டு. 48 பிட்டுகள் கொண்ட மேக் முகவரி, நாம் எழுதி வைத்தபடி எங்குச் சென்றாலும் உடன்வரும். ஐ.பி. முகவரியோ, புகுந்த இடத்து ரௌட்டர் குத்தகைக்குத் தருவது. தவணை தீருமுன் புதுப்பித்தல் வேண்டும். ஆதலால் இங்கே சோதித்த கருவி, அங்கே கம்பியைச் செருகியதும் ஓரெழுத்தும் மாற்றாமல் இயங்கிற்று. ஊர்விட்டு வந்த நம்மவர்க்கும் முகவரி இரண்டன்றோ? வாடகை இல்லம் மாறும். பிறந்த ஊர் மாறாது.

எனினும், செய்தி வாராத காலையில் காரணம் மின்தடையா, அன்னையாரின் உடல்நலக் குறைவா என்று கருவி சொல்லாது. அப்போது எட்டிப்பார்க்க அண்டை வீட்டாரே வேண்டும். முதியோரை ஊரில் விட்டுவந்த அன்பர்களே, அந்த உறவைப் பேணுங்கள்.