பனிக்கடல் பார்த்த அக்காவுடன் முட்டுக்காட்டில்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள், கோவளத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாலத்தைக் கடப்பார்கள். இடது பக்கம் மணல்மேடும் அதைத் தாண்டிக் கடலும் இருக்கும். வலது பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும் உப்பங்கழி. அதுதான் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இங்கே இருக்கிறது. துடுப்புப் படகு, மிதி படகு, மோட்டார் படகு என்று அவரவர் வசதிக்கும் தைரியத்துக்கும் தகுந்தபடி ஏறலாம். இப்போது இரண்டு தட்டுள்ள மிதக்கும் உணவகக் கப்பல் ஒன்றும் வந்திருக்கிறது. கீழ்த்தட்டில் குளிர்சாதன வசதி, மேல்தட்டில் காற்றாட உட்கார்ந்து சாப்பிடலாம். பிறந்த நாள், கல்யாண நாள் என்று குடும்பத்தோடு வருகிறார்கள்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் பெரிய நாத்தனாரை அங்கே அழைத்துப் போகலாம் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் உண்டு. அக்காவும் அவர் கணவரும் 2025 ஜூலையில் வடதுருவப் பக்கம் கப்பலில் போய் வந்தவர்கள். மகன் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவன் கொடுத்த பரிசு. ஒருவருக்கே பல லட்சம் ஆகிற பயணம். "பனிமலையைப் பார்த்தவங்களுக்குப் படகுத்துறையைக் காட்டறியா?" என்று இவர்கூடக் கேலி செய்தார்.

அக்கா அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. நார்வே நாட்டுக்கு வடக்கே ஸ்வால்பார்டு என்று ஒரு தீவுக்கூட்டம். அதன் தலைநகர் போன்ற லாங்யர்பியன் ஊரிலிருந்து கப்பல் கிளம்புகிறது. ஆகஸ்டு கடைசி வாரம் வரை அங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் பட்டப்பகல் போல வெயில் அடிக்குமாம். "விளக்கு வைக்கிற நேரம்னு ஒண்ணு இல்லாம ஒரு வாரம் இருந்தேன். மனசுக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு" என்றார். தூங்குவதற்குக் கண்ணைக் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டையும் தடித்த திரைச்சீலையும்தான் கைகொடுத்தனவாம்.

கப்பலுக்குள்ளே மெத்தை, வெந்நீர், வேளைக்கு நாலு வகைச் சாப்பாடு, சொற்பொழிவு நடத்த ஆராய்ச்சியாளர்கள், எதற்கும் குறைவில்லை. மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிவிட்டதால் சிரமம் இல்லையாம். ஆனாலும் அக்கா கைப்பெட்டியில் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டு போனார். அவை மூன்றாம் நாளே காலி. காரணம், பக்கத்து மேஜையில் இருந்த வெள்ளைக்கார அம்மாளுக்கும் ஊறுகாய் பிடித்துப்போய்விட்டது!

போக நினைக்கிற சகோதரிகளுக்கு அவர் சொன்ன சில குறிப்புகளையும் எழுதிவிடுகிறேன். ஸ்வால்பார்டுக்கு நார்வே வழியாகத்தான் பெரும்பாலும் போகவேண்டும். ஆனால் அந்தத் தீவு ஷெங்கன் விசா எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால் இரண்டு முறை உள்ளே நுழைய அனுமதிக்கும் விசாவாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடித்த கோட்டு போதாது, உள்ளே கம்பளி, மேலே காற்றும் தண்ணீரும் புகாத சட்டை என்று அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. கடல் மயக்கத்துக்கு மாத்திரையைத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. டாக்டரைக் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குளிரில் உதடும் குதிகாலும் வெடிக்கும், வாசலின் மறக்கக்கூடாது. கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். லாங்யர்பியனில் இருக்கும் ஆஸ்பத்திரி சின்னது. அந்த ஊர்ப் பெண்களே பிரசவத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்னதாக விமானம் ஏறி நார்வேக்குப் போய்விடுகிறார்களாம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு போவது நம் ஊரில் வழக்கம், அங்கே சட்டம் மாதிரி!

அந்த ஊரில் மலையைக் குடைந்து, உலகத்து விதைகளையெல்லாம் உறைகுளிரில் பாதுகாக்கும் ஒரு பெட்டகம் 2008-ல் திறந்திருக்கிறார்கள். உள்ளே விடமாட்டார்கள், கதவைத்தான் பார்க்கலாம். ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் நிறுவனம் அனுப்பிய சோளம், கம்பு, கொண்டைக்கடலை விதைகளும் அங்கே இருக்கின்றன. நம் சமையலறைச் சாமான் அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று அக்காவுக்கு ஒரே பெருமை. அதே 2008-ல் நம் நாடும் அந்தத் தீவில் 'ஹிமாத்ரி' என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அது இருக்கும் நியூ ஆலெசுண்டு கிராமத்தில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இடைஞ்சல் வராதபடி செல்போனின் அலைவரிசையையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் நடக்கவேண்டும்.

ஆனால் அக்கா சொன்னதில் என் மனதில் தங்கியது அந்த ஊர்க் கட்டுப்பாடுகள்தான். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கிக் கரைக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவவேண்டும். கோட்டுப் பையில், கால்சட்டை மடிப்பில் புல் விதை ஒட்டியிருக்கிறதா என்றுகூடத் துருவிப் பார்க்கிறார்கள். வெளியூர்ச் செடி ஒன்று அங்கே முளைத்துவிடக் கூடாது என்ற கவலை. 2025 ஜனவரி முதல் சட்டம் இன்னும் கெடுபிடி. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது, குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். பனிக்கரடி கண்ணில் பட்டால் 300 மீட்டர் தள்ளியே நிற்கவேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய, குட்டிகளோடு திரியும் காலத்தில், 500 மீட்டர். அக்கா பார்த்த கரடி பைனாகுலரில் ஒரு மஞ்சள் பொட்டு போலத்தான் தெரிந்ததாம். "அவ்வளவு பணம் கட்டிட்டு ஒரு பொட்டைப் பார்க்கவா போனீங்க?" என்றேன். "அது வீட்டுக்கு நாம போறோம். அது கூப்பிடலையே" என்றார் அக்கா.

வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வருவதும், கூடத்தோடு நின்று அடுப்படியை எட்டிப் பார்க்காமல் இருப்பதும் நமக்குப் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த விருந்தாளி மரியாதை. அதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது எனக்கு.

நம் பக்கத்துக்கும் கப்பல் உல்லாசம் வராமல் இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்ற பெரிய சொகுசுக் கப்பல் கிளம்பியது. பதினோரு மாடி, நீச்சல் குளம், நாடகமேடை என்று பத்திரிகைகளில் படம் படமாகப் போட்டார்கள்.

அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே முட்டுக்காட்டு வழியாக ஒரு நீர்ப்பயணம் இருந்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் பக்கம் வரை ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்த உப்பங்கழியில் வந்து கலந்து, மறுபடி தெற்கே கிளம்புகிறது. 1806-ல் சென்னைக்கு வடக்கே சிறிதாக வெட்டத் தொடங்கி, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டவைத்து இணைத்த கால்வாய் இது. நல்ல சாலை வருமுன் மாமல்லபுரம் போக இதுதான் வசதியான வழி. சென்னையில் இரவு படகேறிப் படுத்தால் விடிந்ததும் மாமல்லபுரம். பாவேந்தர் பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு இப்படிப் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக எழுதியிருக்கிறார். உல்லாசப் பயணப் பாட்டு என்று நினைத்துத்தான் நான் படித்தேன். ஆனால் படகுக்குள் இவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தபடியும், கழி ஊன்றித் தள்ளியபடியும் போன தொழிலாளிகளைப் பார்த்து அவர் மனம் கலங்கியதுதான் பாட்டின் உயிர்.

நாங்கள் போனது கூட்டமில்லாத ஒரு வாரநாள் காலை. அக்கா மோட்டார் படகு வேண்டாம் என்று துடுப்புப் படகே கேட்டார். ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினோம். புடவைக்கு மேல் அதைக் கட்டினால் எல்லோரும் ஒரே மாதிரி மூட்டைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் வாரைச் சரியாக இறுக்கியிருக்கிறதா என்று தாங்களே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. மழைக்காலத்தில் முகத்துவாரம் உடைந்து கடலும் கழியும் கலக்கும், கோடையில் மணல் திட்டு எழும்பி வாயை அடைத்துவிடும் என்று படகோட்டி சொன்னார். "வாய் தொறந்திருந்தாத்தாம்மா மீனு, இறாலு எல்லாம் உள்ள வரும். அடைஞ்சுட்டா தண்ணி சூடேறிப் போயிடும்." இதே உவர்நீரை நம்பித்தான் மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முட்டுக்காட்டில் பண்ணை வைத்திருக்கிறது. கொடுவா மீனை நம் நாட்டிலேயே முதன்முதலாகத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தது இங்கேதான், 1997-ல்.

படகை விட்டு இறங்கிய பின் கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலைக்குக் காரைத் திருப்பச் சொன்னேன். இதே உப்பங்கழியின் மேல்பகுதி அது. முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர், இடையிடையே சேற்றுத் திட்டு. அந்தச் சேற்றில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பறவைகள், தையல் மிஷின் ஊசி போல அலகால் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தன. கொசு உள்ளான் என்பார்கள். கைக்குள் அடங்கும், எடை ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். பக்கத்திலேயே அலகு சற்றுக் கீழ்நோக்கி வளைந்த இன்னொரு வகை உள்ளான். இரண்டுமே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கரையில், பெரும்பாலும் சைபீரியாவின் வடகோடியில். அக்கா போன தீவுக்குக் கிழக்கே, அதே பனிக்கடலின் ஓரம். அங்கே கோடை முடிந்ததும் கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, ஆகஸ்டு செப்டம்பரிலிருந்து நம் கரைக்கு வந்துவிடும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவற்றின் வழியை ஆராய்கிறார்கள்.

அக்கா வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "அங்கே இதுங்க இருக்கறது ரெண்டு மாசமா மூணு மாசமா?" என்று கேட்டார்.

"ஏறக்குறைய அவ்வளவுதான். மீதி நாள் வழியிலயும் இங்கயும்."

"அப்ப இங்கதானே வீடு!"

சேற்றுத் திட்டுக்கு அப்பால், இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து இருளர் பெண்கள் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள். வலை இல்லை, படகு இல்லை. கையில் பட்டது நழுவுமுன் பறிக்குள் போகவேண்டும். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். முள்ளும் கிளிஞ்சலும் கிழித்த கீறல் ஆறவே ஆறாது.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இளைஞர்கள் மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரம் வரை போய், நனைந்த துணியோடு இருந்த அந்தப் பெண்களைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயில் பறி இருக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உள்ளான்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிப் போய்விட்டன.

"அங்கே கரடிக்கு முன்னூறு மீட்டர் விட்டோம். இங்கே மனுஷிக்கு மூணு மீட்டர் விடக்கூடாதா?" என்றார் அக்கா. என்னிடம் சொன்னவர், அதோடு நிற்காமல் விறுவிறுவென்று சரிவில் இறங்கிவிட்டார். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலிக்காரர்! "தம்பிகளா, அவங்க வேலையில இருக்காங்க. கேட்டுட்டா எடுக்கறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஒருவன் முணுமுணுத்தான். இன்னொரு பையன், "ஸாரி ஆன்ட்டி" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எடுத்த படத்தை அழித்தானா தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, வயதில் மூத்த ஒரு பெண் கரையேறி வந்து, பறியிலிருந்த இறாலைத் தட்டில் கொட்டினார். அக்கா வீட்டில் மாமிசம் இல்லை, நான்தான் வாங்கினேன்.

"தினமும் இப்படி வந்து படம் புடிப்பாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"ஞாயித்துக்கெழமைன்னா ஜாஸ்திம்மா. படத்துல வந்து எங்களுக்கு என்ன ஆவப்போவுது? காலடி பட்டு சேறு கலங்குனா இறால் ஓடிடும். அதுதான் கஷ்டம்."

"இந்தக் குருவிங்க?"

"அதுங்க எங்களுக்குப் பயப்படாதும்மா. நாங்க உக்காந்தாப்பல மெதுவா போறோமில்ல. ஓடிவந்தாத்தான் பறக்கும்."

போகிறவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஏப்ரல் முடிவதற்குள் உள்ளான்களில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். அந்த நீண்ட பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்வது இந்தச் சேற்றுத் தீனியில்தான். அதனால் மார்ச்சில் அவற்றைக் கிளப்பிவிடாமல் பார்ப்பது ரொம்ப முக்கியம். காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. சாலையோரமாகவே நின்று பைனாகுலரில் பார்க்கலாம், இரண்டு பேருக்கு ஒன்று போதும். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப்போய், இலையையும் தாளையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். படகுச் சவாரியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே 1996-ல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், அதற்கே அரைநாள் வேண்டும்.

அக்கா ஊருக்குப் போன பிறகும் வாரம் ஒருமுறை போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார், "இன்னும் இருக்கா, கிளம்பிடுச்சா?" என்று.